வாடகை பாக்கித் தகராறு: கணக்கு நோட்டு முதல் கோர்ட் வரை முழுமையான வழிகாட்டி

இரண்டு மாத வாடகை வரவில்லை என்றதும் வீட்டுக்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது மோட்டார் சுவிட்ச். குடித்தனக்காரருக்கு ஞாபகம் வருவது அட்வான்ஸ். “பத்து மாச அட்வான்ஸ் அவர் கையிலதானே இருக்கு, கழிச்சுக்கட்டும்” என்று இவர் இருந்துவிடுவார். “தண்ணிய நிறுத்தினா தானா வழிக்கு வருவான்” என்று அவர் கணக்குப் போடுவார். இந்த இரண்டில் எதைச் செய்தாலும் செய்தவருடைய வழக்குதான் பலவீனமாகும்.

இங்கே எழுதுவது தமிழ்நாட்டுச் சட்டத்தை வைத்து. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 22.02.2019 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரோ, சில சமயம் பழைய வக்கீலோகூட “ஆர்.சி.ஓ.பி. போடலாம்” என்பார். அது காலி செய்யச் சொல்லிக் கேட்கும் பழைய சட்டத்து மனு. இன்று அதற்குப் பதிலாகப் புதிய சட்டத்தில் போடுவது ஆர்.எல்.டி.ஓ.பி. பழைய சட்டத்தில் ‘வேண்டுமென்றே கட்டாமல் இருந்தாரா’ என்ற விவாதமே பல வருடம் ஓடும். புதிய சட்டம் அதற்குள் போவதில்லை. இரண்டு மாத பாக்கி இருந்ததா, முறையான நோட்டீஸ் போனதா, ஒரு மாதத்துக்குள் பணம் வந்ததா, இந்த மூன்றைத்தான் பார்க்கிறது. அதனால் நோட்டீசுக்கு முந்தைய வேலையும் நோட்டீசுக்குப் பிந்தைய அந்த ஒரு மாதமும்தான் விஷயமே.

முதலில் கணக்கு, பிறகு கோபம்

பாக்கி எவ்வளவு என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். அநேகமாக இரண்டு வேறு தொகை வரும். ஒருவர் பராமரிப்புக் கட்டணத்தைச் சேர்த்திருப்பார், மற்றவர் எப்போதோ மாற்றிய குழாயின் பில்லைக் கழித்திருப்பார். வாய்த்தகராறு பாதி இங்கேதான் பிறக்கிறது.

ஒரு உதாரணத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். வாடகை 14,000 ரூபாய், பராமரிப்பு 1,500, அட்வான்ஸ் 1,40,000. ஜூனில் எதுவும் வரவில்லை. ஜூலையில் ஜிபேயில் 10,000 மட்டும் வந்தது. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டும் காலி. நடுவில் வந்த கரண்ட் பில் 2,860 ரூபாயை, ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து வீட்டுக்காரரே கட்டிவிட்டார். கணக்கு இப்படி வரும்:

வாடகை, 4 மாதம்: 56,000
பராமரிப்பு, 4 மாதம்: 6,000
வீட்டுக்காரர் கட்டிய கரண்ட் பில்: 2,860
மொத்தம்: 64,860
கழிவு, ஜூலையில் வந்தது: 10,000
பாக்கி: 54,860

இப்போது குடித்தனக்காரர் சொல்கிறார்: “மே மாசம் மோட்டார் ரிப்பேருக்கு 8,000 குடுத்தேன். வாடகையில கழிச்சுக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க.” இது உண்மையென்றால் பாக்கி 46,860. உண்மையா இல்லையா என்பதை அந்தக் கடை பில்லும், கழித்துக்கொள்ளச் சொன்ன வாட்ஸ்அப் மெசேஜும் சொல்லட்டும். இரண்டும் இருந்தால் வீட்டுக்காரர் அந்த 8,000-ஐ விட்டுக்கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். பிழையான தொகையோடு நோட்டீஸ் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

யார் எந்த ரிப்பேரைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் சட்டத்தின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது. கட்டட அமைப்பு, வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். டேப் வாஷர், சுவிட்ச், சாக்கெட், அடைத்த வாஷ்பேசின் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதன்படி.

கணக்கோடு சேர்த்து எடுத்து வைக்க வேண்டியவை: வாடகை ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மெண்ட், ரசீதுகள், கரண்ட் பில், வாட்ஸ்அப் பேச்சு. வாட்ஸ்அப்பை வெறும் ஸ்கிரீன்ஷாட்டாகக் கொடுத்தால் போதாது. 01.07.2024 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது மெசேஜை அழிக்காமல், போனை மாற்றும்போது தொலைக்காமல் வைத்திருப்பது. ரொக்கமாக வாடகை கொடுத்து ரசீது வாங்காதவர்களுக்கு இந்த இடத்தில் சொல்ல ஆறுதல் எதுவும் இல்லை. இன்றிலிருந்தாவது வங்கி வழியாக அனுப்புங்கள், குறிப்பில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள்.

ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா?

வக்கீலிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி இது. புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் (இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வருவாய்த் துறை அதிகாரி) 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் டி.ஆர்.என். என்ற வாடகைப் பதிவு எண் வரும். நம் ஊரில் பெரும்பாலும் முத்திரைத்தாளில் 11 மாதம் எழுதி பீரோவில் வைத்துவிடுவோம். சார்பதிவாளர் அலுவலகம் போகத் தேவையில்லாமல் இருக்கத்தான் அந்த 11 மாதக் கணக்கு. ஆனால் வாடகை அதிகாரியிடம் பதிவது தனி விஷயம். 11 மாதம் என்றாலும் அது உண்டு.

பதிவு இல்லாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. ஒப்பந்தமே செய்துகொள்ளவில்லை என்றால் அதுவே காலி செய்யக் கேட்பதற்கு ஒரு தனிக் காரணம், 21(2)(அ) பிரிவு. வாடகை பாக்கி என்பது 21(2)(ஆ). எந்தப் பிரிவில் போவது என்பது உங்களிடம் இருக்கும் காகிதத்தைப் பொறுத்தது. நோட்டீஸ் எழுதுவதற்கு முன்பே இது முடிவாக வேண்டும், மனு எழுதும்போது யோசித்தால் தாமதம்.

உட்கார்ந்து பேசுவது

சம்பளம் தவறியது, ஆஸ்பத்திரிச் செலவு, வியாபாரத்தில் அடி என்று நியாயமான காரணம் இருக்கிற குடும்பமும் உண்டு. ஏமாற்றுவதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. ஒரே ஒரு பேச்சில் பெரும்பாலும் யார் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். காரணம் இருக்கிறவர் தேதி சொல்வார். மற்றவர் “பாத்துக்கலாம் சார்” என்பார்.

பேச்சு வீட்டு வாசலில் வேண்டாம், மாடிப்படியில் வேண்டவே வேண்டாம். கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். பேசி முடித்த அன்றே ஒரு மெசேஜ் போகட்டும்:

“சார், இன்னிக்குப் பேசினபடி ஜூன் முதல் செப்டம்பர் வரை பாக்கி ரூ.46,860. மோட்டார் ரிப்பேர் 8,000 கழித்தாயிற்று. அக்டோபர் 10, நவம்பர் 10, டிசம்பர் 10 தேதிகளில் தலா ரூ.15,620 தருவதாகச் சொன்னீர்கள். அந்தந்த மாத வாடகை தனி. சரியென்றால் ஒரு வரி பதில் போடுங்கள்.”

“சரி சார்” என்று வரும் அந்த ஒரு வரி பதிலுக்குப் பின்னாளில் மதிப்பு அதிகம். பாக்கியை ஒப்புக்கொண்ட எழுத்து அது. குடித்தனக்காரருக்கும் அது பாதுகாப்புதான், தொகை அதற்குமேல் ஏறாது.

தவணைக்குத் தேதி போட்ட செக் வாங்கலாம். செக் திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பி, அது கிடைத்த 15 நாட்களில் பணம் வராவிட்டால் செக் மோசடி வழக்கு தனியாகப் போகும். தொகையும் தேதியும் எழுதாத வெற்றுச் செக்கைக் கேட்பவருக்கு, குடியிருப்பவர் கொடுக்கக் கூடாது. பாக்கிக்கு பிராமிசரி நோட் எழுதி வாங்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாடகை பாக்கி கைக்கடனாக மாறிவிட்டது என்று வாதாட இடம் கொடுக்கும்.

தெருப் பெரியவர், அசோசியேஷன் தலைவர், இருவருக்கும் தெரிந்த புரோக்கர், இவர்களில் ஒருவர் கூட இருந்தால் நல்லது. ‘ஆள்’ வைத்துப் பேசுவது வேறு. அது கட்டப்பஞ்சாயத்து, போலீஸ் வழக்கில் போய் முடியும்.

அட்வான்ஸில் கழித்துக்கொள்வதா?

அட்வான்ஸ் என்பது வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பாக்கியும் சேதமும் போக மீதியைத் தருவதற்கான உத்தரவாதத் தொகை. குடியிருக்கும்போதே வாடகைக்குக் கழி என்று ஒருதலையாகச் சொல்ல முடியாது. ஆகவே “அட்வான்ஸ் இருக்கிறதே” என்று வாடகையை நிறுத்தியவர் சட்டத்தின் பார்வையில் பாக்கிக்காரர்தான்.

சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் ‘வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை’ என்று ஒரு வாலும் வைத்திருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் ஓடுவது அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான்.

இருவரும் ஒத்துக்கொண்டால் கழிக்கலாம், அது தப்பில்லை. காலி செய்யப் போகிறவர்களுக்கு அதுதான் மிகச் சுலபமான தீர்வும்கூட. நம் உதாரணத்தில் டிசம்பர் 31 வரை இருந்துவிட்டுப் போகிறார் என்றால், அதுவரையான வாடகையும் பாக்கியும் கழித்து மீதி அட்வான்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கோர்ட் வாசலே மிதிக்க வேண்டாம். ஆனால் காலி செய்யும் தேதி அந்தத் தாளில் இருக்க வேண்டும். தேதி இல்லாமல் கழிக்க ஆரம்பித்த வீட்டுக்காரர், அட்வான்ஸ் தீர்ந்த பிறகு கையில் பிடி எதுவும் இல்லாமல் நிற்பார்.

செய்யவே கூடாதவை

தண்ணீர், கரண்ட், லிஃப்ட், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் இணைப்பு: வாடகை எத்தனை மாதம் பாக்கியாக இருந்தாலும் இவற்றில் எதையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனு போடலாம். அவர் உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட முடியும், இழப்பீடும் விதிக்கலாம்.

வெளியே போயிருக்கும்போது பூட்டை மாற்றுவது அதைவிடப் பெரிய வில்லங்கம். சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வந்து உட்காரலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்வியே எழாது. பத்திரம் வீட்டுக்காரர் பேரில் இருப்பது அங்கே உதவாது.

குடித்தனக்காரரே வீட்டைப் பூட்டிக்கொண்டு காணாமல் போய்விட்டால்? அப்போதும் பூட்டை உடைக்காதீர்கள். உள்ளே நகை இருந்தது, லேப்டாப் இருந்தது என்று பிறகு ஒரு புகார் வரும். நோட்டீஸைக் கதவில் ஒட்டிப் படம் எடுத்து, கோர்ட் உத்தரவு வாங்கித் திறப்பதுதான் வழி. மெதுவான வழிதான், மறுக்கவில்லை.

போலீசைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகை பாக்கி சிவில் விவகாரம். ஸ்டேஷனில் மனு ஏற்புச் சீட்டு தருவார்கள், இருவரையும் கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள், அவ்வளவுதான். காலி செய்யச் சொல்லும் அதிகாரம் இன்ஸ்பெக்டருக்கு இல்லை. மிரட்டல், அடிதடி, பொருளைத் தூக்கி எறிதல் இருந்தால் அது குற்றம், அதற்குப் போகலாம்.

நோட்டீஸ்

பேச்சு பலிக்கவில்லை, பாக்கி இரண்டு மாதத்தைத் தொட்டுவிட்டது என்றால் நோட்டீஸ். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு சொல்கிற முறையில் அது போக வேண்டும்: எழுத்தில், கையெழுத்தோடு, தபாலில் அல்லது நேரில். நேரில் என்றால் அவரிடமோ, வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடமோ, வேலையாளிடமோ கொடுக்கலாம். அதுவும் முடியாதபோது வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டலாம். பழைய பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. டெலிவரி ஆனதற்கான சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி அனுப்பலாம், ஆனால் தபாலுக்குப் பதிலாக அல்ல.

நோட்டீஸில் வசவு வேண்டாம், குடும்பக் கதை வேண்டாம். வீட்டு முகவரி, ஒப்பந்தத் தேதி, டி.ஆர்.என்., மாதவாரியான பாக்கிக் கணக்கு, ஒப்பந்தத்தில் இருந்தால் தாமத வட்டி, பணம் செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கு. பிறகு இந்தப் பத்தி:

“மேற்படி பாக்கித் தொகை ரூ.46,860-ஐ இந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் செலுத்துமாறு கோருகிறேன். தவறினால் சட்டத்தின் 21(2)(ஆ) பிரிவின்படி தங்களை வெளியேற்றவும், பாக்கியை வசூலிக்கவும் வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்வேன்.”

‘15 நாள் டைம்’ என்று பழக்கதோஷத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பாக்கிக்காக வெளியேற்றக் கேட்பதற்குச் சட்டம் தருகிற அவகாசம் ஒரு மாதம்.

நோட்டீஸ் போன பிறகு கொஞ்சம் பணம் வந்தால் வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அதற்கான ரசீதில் “அறிவிப்பில் கோரியுள்ள உரிமைகளுக்குக் குந்தகமின்றிப் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதுங்கள். அப்படி எழுதாமல், ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதாக நோட்டீஸ் விட்டவர் அடுத்த மாத வாடகையையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டால், நோட்டீஸையே கைவிட்டுவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்திருந்தால்

இது குடியிருப்பவருக்கு. கவரை வாங்க மறுக்காதீர்கள். ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதி அனுப்பினால் அது கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட வாய்ப்பு அதிகம், உள்ளே என்ன இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

கவர் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழு பாக்கியையும் வீட்டுக்காரரிடமோ வாடகை நீதிமன்றத்திலோ கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக உங்களை வெளியேற்ற உத்தரவு போட முடியாது. கடன் வாங்கியாவது கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு: அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க வேண்டுமென்றால், ஆம். ‘முழு’ என்பதைக் கவனியுங்கள், முக்கால்வாசி கட்டினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஒருமுறை இப்படித் தப்பித்தபின் ஒரு வருடத்துக்குள் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் நிறுத்தினால் இந்தச் சலுகை இரண்டாவது தடவை இல்லை.

தொகையில் தகராறு இருந்தால், தகராறு இல்லாத பகுதியை உடனே கட்டிவிட்டு, மீதிக்கு ஏன் என்று பில்லோடு பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். ரிஸ்க் எடுக்க விரும்பாதவர்கள் முழுவதையும் கட்டிவிட்டு, அந்த 8,000-க்கு உரிமையை விடவில்லை என்று எழுதுவார்கள். இரண்டாவதுதான் பாதுகாப்பு.

வீட்டுக்காரர் பணத்தை வாங்க மாட்டேன் என்கிறாரா? காலி செய்ய வைப்பதற்காக வேண்டுமென்றே வாங்காமல் பாக்கி உண்டாக்குவது பழைய தந்திரம். தபாலில் மணியார்டர் அனுப்பி, அதையும் தொடர்ந்து இரண்டு மாதம் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் டெபாசிட் செய்யச் சட்டம் வழி தருகிறது. திரும்பி வந்த மணியார்டர் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

மக்கள் நீதிமன்றம்

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே, வழக்கே இல்லாத நிலையில், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ மனு கொடுக்கலாம். அவர்கள் எதிர்த்தரப்பை அழைத்துப் பேச வைப்பார்கள். கட்டணம் இல்லை. மக்கள் நீதிமன்றத்தில் இப்படி உடன்பாடு எட்டினால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. காலி செய்யும் தேதி, தவணை, அட்வான்ஸ் கழிவு எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிடலாம். வாட்ஸ்அப் உடன்பாட்டை மீறுகிறவர் இதை மீறினால் நேரே நிறைவேற்று மனுதான், அதாவது தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லிக் கேட்கும் மனு.

பெண்கள், பட்டியலின, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீலும் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். வீட்டை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் பிழைக்கும் விதவைத் தாய்மார்கள் எத்தனையோ பேர். பெண் என்ற ஒன்றே தகுதிதான் என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

வாடகை நீதிமன்றம்

மூன்று படிகள். வாடகை அதிகாரி வருவாய்த் துறையின் துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர். பதிவு, டெபாசிட், தண்ணீர், கரண்ட் போன்றவை அவரிடம். காலி செய்யும் மனு வாடகை நீதிமன்றத்தில்; சென்னையில் அது ஐகோர்ட் வளாகத்திலுள்ள ஸ்மால் காசஸ் கோர்ட். அதன் உத்தரவுக்கு மேல் 30 நாட்களுக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் அப்பீல். வழக்கமான சிவில் கோர்ட்டுக்கு இந்த விஷயத்தில் வேலை இல்லை.

மனுவோடு ஒப்பந்தம், பதிவுச் சான்று, நோட்டீஸ், டெலிவரி சான்று, கணக்கு. வழக்கு நடக்கும்போதும் வாடகையைக் கட்டிவரும்படி உத்தரவிடச் சொல்லி மனுப்போடலாம். வீட்டுக்காரர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள், அதனால்தான் வழக்கு முடிவதற்குள் பாக்கி இரண்டு மடங்காகிறது.

உத்தரவு வந்தும் காலி செய்யவில்லை என்றால் நிறைவேற்று மனுப் போட்டு, கோர்ட் அமீனா (கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) வழியாகத்தான் வீட்டை எடுக்க வேண்டும். குடித்தனக்காரர் ஏற்கெனவே காலி செய்துவிட்டுப் போய், அட்வான்ஸையும் தாண்டி பாக்கி நின்றால் அது வெறும் பண வசூல். அதற்குக் கெடு ஒவ்வொரு மாத வாடகையும் விழுந்த தேதியிலிருந்து மூன்று வருடம்.

சாவி கைமாறும் நாள்

எந்த வழியில் முடிந்தாலும் கடைசி நாள் ஒன்று உண்டு, அதிலும் சண்டை வரும். சாமான் ஏற்றுவதற்கு முன்பே இருவரும் ஒவ்வொரு அறையாகப் போய் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லில் அதுவரைக்குமான பங்கை அன்றே கணக்குப் பண்ணிவிடலாம். கழிவு போக மீதி அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். சாவியை வாங்கும்போது ஒரு தாளில், தேதியும் எத்தனை சாவி என்பதும் எழுதி, மீதித் தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்குப் போகும் என்று குறித்து இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் சிலிண்டர், ஆதார் முகவரி, ரேஷன் கார்டு இவற்றை மாற்றுவதற்கு எத்தனை நாள் தேவை என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம்.